ஓவியர்கள் வரைந்த ஸ்கேட்போர்டை ஓட்டாமல் சுவரில் மாட்டுகிறார்களே, ஏன்? அதற்கு ஏன் அவ்வளவு விலை?

எங்கள் வீட்டுச் சுவரிலும் அப்படி ஒன்று தொங்குகிறது, அதனால் பதில் சொல்கிறேன். என் அம்மாவிடம் கேட்டிருந்தால் ஒரே வரியில் முடித்திருப்பார்: கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் அண்டா முப்பது வருடமாக ஸ்டிக்கர்கூட உரிக்காமல் பரணில் இருக்கிறதே, அதுமாதிரிதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அண்டாவைப் புழங்கினால் அடி கருக்கும், அவ்வளவுதான். ஸ்கேட்போர்டை ஓட்டினால் முதலில் போவதே படம்தான்.

படம் இருப்பது பலகையின் அடிப்பக்கத்தில். மேல்பக்கம் கால் வழுக்காமல் இருக்க உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான கிரிப் டேப் ஒட்டிவிடுவார்கள். பையன்கள் படிக்கட்டுக் கைப்பிடிக் கம்பி மேலும் சிமெண்டுத் திண்டின் விளிம்பிலும் பலகையின் வயிற்றை வைத்துச் சறுக்கும்போது பெயிண்ட் உரிந்து மரம் தெரிய ஆரம்பிக்கும். ஏழு அடுக்கு மேப்பிள் மரத்தை ஒட்டி அழுத்திச் செய்த பலகை அது. நன்றாக ஓட்டுகிறவன் கையில், மன்னிக்கவும், காலில், சில மாதம் தாங்கினால் பெரிது. உடைந்ததும் குப்பைக்குப் போகும். 1980களில் ஜிம் பிலிப்ஸ் என்ற ஓவியர் சாண்டா குரூஸ் என்ற ஸ்கேட்போர்டு கம்பெனிக்காக வரைந்த பலகைகளைப் பெரும்பாலும் பையன்கள் தேய்த்தே தீர்த்துவிட்டார்கள். அவர் 1985இல் வரைந்த, உள்ளங்கையில் வாய் பிளந்து அலறும் நீலக் கையைப் பார்த்திருப்பீர்கள். கீறல் படாமல் தப்பியது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் விலை.

இது பழைய கதை. ஓட்டவே போகாத பலகை என்பது பின்னால் வந்தது. 1994இல் நியூயார்க்கின் லஃபாயெட் தெருவில் ஆரம்பித்த சுப்ரீம் என்ற ஸ்கேட் கடை, பெரிய காலரி ஓவியர்களைப் பிடித்துப் பலகைக்குப் படம் வாங்கியது. 2006இல் ஜெஃப் கூன்ஸ், 2007இல் தகாஷி முரகாமி, 2009இல் டேமியன் ஹர்ஸ்ட். கோடிக்கணக்கில் விலைபோகும் ஓவியர்களின் கைவண்ணம் ஒரு சாதாரணக் கடையில், மாணவன் காசு சேர்த்து வாங்கும் விலைக்குக் கிடைத்தது. குறைந்த எண்ணிக்கை, போனால் திரும்ப வராது. விளைவு உங்களுக்கே தெரியும். சுமார் இருபது வருடத்துப் பலகைகள் 248ஐயும் ஒருவர் விடாமல் சேர்த்து வைத்திருந்தார். 2019 ஜனவரியில் சோத்பீஸ் ஏலத்தில் மொத்தமாக 8 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியது கனடாவைச் சேர்ந்த 17 வயதுப் பையன்!

இதே ஹர்ஸ்ட் அதே 2009இல் சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு ஒரு ட்ரெக் கம்பெனி சைக்கிளை அலங்கரித்துக் கொடுத்தார். பெயிண்ட் இல்லை, நிஜப் பட்டாம்பூச்சிச் சிறகுகளைச் சட்டத்திலும் சக்கரத்திலும் ஒட்டி மேலே வார்னிஷ் பூசியது. விலங்கு நல ஆர்வலர்கள் கொதித்தார்கள். ஆம்ஸ்ட்ராங் அதைச் சுவரில் மாட்டவில்லை. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாள் அதை ஓட்டிக்கொண்டுதான் பாரிஸுக்குள் வந்தார். அந்த நவம்பரில் புற்றுநோய் நிதிக்காக ஏலம் விட்டபோது 5 லட்சம் டாலர். மூன்று வருடம் கழித்து ஊக்கமருந்து விவகாரத்தில் அவருடைய ஏழு டூர் பட்டங்களும் பறிபோயின. வாங்கியவர் இப்போது அதை ஹர்ஸ்டின் படைப்பு என்று காட்டுவாரா, ஆம்ஸ்ட்ராங்கின் சைக்கிள் என்று காட்டுவாரா என்று அவ்வப்போது யோசிப்பேன்.

சரி, என் பலகைக்கு வருகிறேன். மன்ஹாட்டன் சோஹோவில் மோமா அருங்காட்சியகத்தின் கடை ஒன்று இருக்கிறது. அங்கே வாங்கியது. அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலின் காம்பெல் தக்காளி சூப் டப்பா படம் போட்டது. உண்மையைச் சொன்னால் சேகரிப்பாளர்கள் இதை ஒரு படி கீழேதான் வைப்பார்கள், எனக்கும் அதில் உடன்பாடுதான். வார்ஹோல் 1987இல் இறந்துவிட்டார். அவர் இதைப் பலகைக்கென்று வரையவில்லை, 1962 ஓவியத்தை உரிமம் வாங்கி அச்சடித்தது. பலகையின் நீளத்தையும் வளைவையும் மனதில் வைத்து வரைந்ததற்கும், இருக்கிற படத்தை வெட்டி ஒட்டியதற்கும் பார்த்தவுடனே வித்தியாசம் தெரியும். நீங்கள் வாங்குவதாக இருந்தால் முதலில் இதைப் பாருங்கள், பெயரைப் பிறகு பார்க்கலாம். நான் வாங்கியதற்குக் காரணம் வேறு. இதைத் தயாரிக்கும் ஸ்கேட்ரூம் என்ற பிரஸ்ஸல்ஸ் நிறுவனம் விற்பனையில் ஒரு பங்கை ஸ்கேட்டிஸ்தான் போன்ற அமைப்புகளுக்குத் தருகிறது. பிள்ளைகளுக்கு ஸ்கேட்போர்டு கற்றுத்தரும் ஸ்கேட்டிஸ்தான் 2007இல் காபூலில் தொடங்கியது. பெண் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டினால் முகம் சுளித்த ஊரில், ஸ்கேட்போர்டு என்னவென்றே யாருக்கும் தெரியாததால் அவர்கள் ஏறி ஓட்டினார்கள்.

நான்கு வருடம் அது தூசி தட்டப்பட்டு அழகாகத் தொங்கியது. போன கோடை விடுமுறைக்கு நியூஜெர்சி எடிசனிலிருந்து அக்கா மகன் வந்தான். பதினோரு வயது. "மாமா, இது ஓட்டுற போர்டுதானே?" என்றான். ஆமாம் என்று சொன்னது என் தப்பு. அலங்காரப் பலகை என்றாலும் சக்கரம் பூட்டுவதற்கான எட்டு ஓட்டையும் போட்டே விற்கிறார்கள். நான் ஆபீஸ் போயிருந்த நேரத்தில் தன் உடைந்த போர்டிலிருந்த சக்கரங்களைக் கழற்றி இதில் முடுக்கி, கிரிப் டேப்பும் ஒட்டி, கீழே பார்க்கிங் சரிவில் இறங்கிவிட்டான். சாயந்திரம் நான் வந்தபோது டப்பாவின் வயிற்றில் ஒரு சாண் நீளத்துக்கு மரம் தெரிந்தது.

கத்தினேன். அக்கா வேறு காசு கொடுக்கிறேன் என்று ஆரம்பித்தாள். அவன் மட்டும், "ஆனா மாமா, செம்மயா ஓடுது" என்றான்.

மறுபடி மாட்டிவிட்டேன். சக்கரத்தைக் கழற்றவில்லை. அடுத்த லீவுக்கு வருவான் என்பதால் மட்டும் இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் இல்லாதபோது நானும் ஒருமுறை ஏறிப் பார்த்தேன். முட்டி இன்னும் வலிக்கிறது. இப்போது கனம் கூடிவிட்டதால் பழைய ஆணி தாங்கவில்லை, கனமான கொக்கியாக இரண்டு வாங்கி அடிக்க வேண்டியதாயிற்று.