பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்கு ஏன் உதவுகின்றன?

1966-ல் குடியாத்தம் பக்கத்துக் கிராமப் பள்ளியில் மூன்றாவது படித்தேன். மதியம் அமெரிக்கக் கோதுமை ரவை உப்புமா போடுவார்கள். எண்ணெய் டின்னில் இரண்டு கைகள் குலுக்குகிற படம் இருக்கும். காலி டின்னை ஆயா தண்ணீர் மொள்ள வீட்டுக்கு எடுத்துப்போவார். அந்தக் கை எதற்காக நீண்டது என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் புரிந்தது.

அமெரிக்காவில் அப்போது கோதுமை மலையாகத் தேங்கிக் கிடந்தது. உள்ளூர்ச் சந்தையில் இறக்கினால் விலை விழுந்து அவர்கள் விவசாயி நொடிந்துபோவார். அந்த உபரியை வெளியே தள்ளவும், நாளைக்குக் காசு கொடுத்து வாங்கும் சந்தையை வளர்க்கவும் 1954-ல் பி.எல்.480 சட்டம் போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வந்தது தானம். ஆனால் நாட்டுக்கு வந்த கோதுமையில் பெரும்பகுதியை ரூபாய்க்கு விற்றார்கள். சரக்கில் பாதியாவது அமெரிக்கக் கப்பலில் ஏற வேண்டும் என்று விதியும் வைத்தார்கள். பசித்த நாடு கம்யூனிஸ்ட் பக்கம் சாய்ந்துவிடுமே என்ற பயமும் சேர்ந்திருந்தது.

1965, 66 இரண்டு வருடமும் வடக்கே மழை பொய்த்தது. அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் கோதுமையை மொத்தமாக அனுப்பவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக அளந்து விட்டார். வேளாண்மைக் கொள்கையை மாற்றச் சொன்னது ஒரு காரணம். வியட்நாம் போரை இந்தியா குறை சொன்னதும் அவரை உறுத்தியது. உபரியைத் தள்ளிவிட்டதைக்கூட மன்னித்துவிடுவேன். அடுத்த கப்பல் வருமா என்று ஒரு தேசத்தையே துறைமுகம் பார்த்து நிற்கவைத்ததை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

எல்லோரும் அப்படி இல்லை. தேச வருமானத்தில் 0.7 சதவீதம் தர வேண்டும் என்று 1970-ல் ஐ.நா. இலக்கு வைத்தது. பெரும்பாலான நாடுகள் அதை எட்டவே இல்லை, நார்வே பல வருடமாக அதைத் தாண்டித் தருகிறது.

நாமும் கொடுத்திருக்கிறோம். 2022-ல் இலங்கை திவாலானபோது டெல்லி சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. அதில் சீனாவைப் பற்றிய கணக்கும் உண்டு. இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-லேயே 99 வருடக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போயிருந்தது. தமிழ்நாடு 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் மருந்தும் தர முன்வந்ததற்கோ உறவுதான் முதல் காரணம் என்று நான் நம்புகிறேன். வேலூர் மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். அவர் தங்கை வவுனியாவில். “அரிசி கிடைச்சுட்டுதாம் அண்ணா, சாக்கில தமிழ்நாடு எண்டு போட்டிருக்காம்” என்று சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்துவிட்டது.