நாயின் இதயத்தில் கட்டி: டாக்டர் பதில்கள்

செந்தூல் வாசகர்: எங்கள் கோல்டன் ரெட்ரீவருக்கு 9 வயது. காலையில் நடக்கும்போது சுருண்டு விழுந்தான். மாலையில் வாலாட்டிக்கொண்டு சாப்பிட்டுவிட்டான். கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டுமா?

இன்றே போங்கள் தம்பி. சாப்பிட்டுவிட்டானே என்று இருந்துவிடாதீர்கள். ஹெமாஞ்சியோசார்க்கோமா என்ற புற்று இந்த இனத்தில் அதிகம். இதயத்தில் வந்தால் பெரும்பாலும் வலது மேலறையில்தான் வரும். அது கசிந்தால் இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் இரத்தம் தேங்கும், இதயம் விரிய இடமிருக்காது, நாய் விழுந்துவிடும். கசிவு நின்றதும் எழுந்து நடக்கும். அதைப் பார்த்து ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர்.

இப்போதே மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்திவிட்டு விரலை எடுங்கள். 2 விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். ஈறு இயல்பிலேயே கறுப்பாக இருந்தால் கீழ் இமையின் உட்புறம் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஈறு வெளுத்தால் நம் ஊரில் முதலில் உண்ணிக் காய்ச்சலைத்தான் நினைப்போம். சரி, அதற்கும் இரத்தம் பாருங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

பத்துமலை வாசகி: எக்ஸ்ரேயில் இதயம் உருண்டையாகப் பெருத்திருக்கிறதாம். அது போதாதா?

போதாதும்மா. உறைக்குள் இரத்தமோ நீரோ தேங்கினாலே இதயம் பந்துபோலத் தெரியும், உள்ளே கட்டி இருக்கிறதா என்று தெரியாது. எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், பார்க்க வேண்டும். நாய் தாங்கும் நிலையில் இருந்தால், ஊசி குத்தி நீரை எடுப்பதற்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள். திரையில் நீர் கறுப்பாகத் தெரியும், அதன் நடுவே சின்னக் கட்டி அசைவதும் கண்ணுக்குப் படும். மூச்சுத் திணறினால் காத்திருக்கக் கூடாது, நீரை எடுப்பதுதான் முதல் வேலை. அப்புறம் மண்ணீரலுக்கு ஸ்கேன், நுரையீரலுக்கு எக்ஸ்ரே. உங்கள் கிளினிக்கில் எக்கோ வசதி இல்லையென்றால், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள்.

பூச்சோங் வாசகர்: எடுத்த நீரில் புற்றணுக்கள் இல்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா?

அவசரப்படாதீர்கள். இந்தக் கட்டிகள் நீருக்குள் அணுக்களை உதிர்ப்பது குறைவு. அதனால் ரிப்போர்ட் சுத்தமாக வந்தும் கட்டி இருக்கலாம். காரணமே தெரியாமல் நீர் தேங்கும் நாய்களும் உண்டு. அவற்றில் சில, ஓரிரு முறை நீரை எடுத்ததும் குணமாகிவிடும். சில வாரம் கழித்து எக்கோவைத் திரும்பப் பாருங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி: எங்கள் பாக்ஸர் நாய்க்கு இதயத்தில் பெரிய இரத்தக் குழாய்கள் கிளம்பும் இடத்தில் கட்டி. ஊசி குத்திச் சோதிக்கலாமா?

இரத்தம் கொட்டும் ஆபத்து இருப்பதால் பெரும்பாலும் குத்துவதில்லை. பாக்ஸருக்கு அந்த இடத்தில் வருவது அநேகமாக கீமோடெக்டோமா என்ற கட்டி, மெதுவாக வளர்வது. நீர் தேங்கினால் இதய உறையை வெட்டி எடுப்பார்கள். அதற்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் நன்றாக வாழும் நாய்கள் உண்டு. தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று தினமும் எண்ணி எழுதிவையுங்கள். 30ஐத் தாண்டி நின்றால் உடனே கூப்பிடுங்கள்.