பிரான்ஸ் சென்ட்டும் கழுத்துத் தடிப்பும்

கேள்வி: எனக்கு 36 வயது, முள்ளியவளையில் இருக்கிறேன். பிரான்ஸில் இருக்கும் அக்கா 2016 இல் கொண்டுவந்து தந்த சென்ட்டை விசேஷங்களுக்கு மட்டும் பூசுவேன். இவ்வளவு நாளும் ஒன்றும் செய்யவில்லை. இந்த முறை வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பூசிக்கொண்டு போனேன். இரண்டாம் நாள் கழுத்தும் காதுக்குப் பின்பக்கமும் சிவந்து தடித்து ஒரே கடி. வெயில் என்கிறார் கணவர். கிரந்தி என்று அம்மா இறால், நண்டு, கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். பார்மசியில் தந்த கிறீம் பூசினால் குறைகிறது, விட்டால் திரும்ப வருகிறது. சென்ட் பெட்டியில் 'எவர்னியா புருனாஸ்ட்ரி' என்று இருக்கிறது. மரத்தில் வளரும் பாசியாம் என்கிறாள் அக்கா. அதனாலா?

பதில்: சகோதரி, அதனாலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சென்ட் பட்ட இடத்தில் மட்டும், அதுவும் இரண்டாம் நாள் கிளம்பும் தடிப்பு, தொடுகை ஒவ்வாமையின் போக்கு. வெயிலில் வரும் வேர்க்குரு என்றால் பெரும்பாலும் முதுகிலும் மார்பிலும் சேர்ந்தே வந்திருக்கும். சாப்பாட்டு அலர்ஜி பெரும்பாலும் சில நிமிடங்களில், மிஞ்சினால் ஓரிரு மணித்தியாலத்தில் உடம்பெல்லாம் தடிக்கும். ஆகவே நந்திக்கடல் இறாலை நீங்கள் தாராளமாகச் சாப்பிடலாம். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பாசி என்று சொன்னாலும் அது பாசி அல்ல. பங்கசும் அல்காவும் ஒன்றாக வாழும் இலைக்கன். நம் பக்கத்துப் பாலை மரப் பட்டைகளில் சாம்பல் பச்சையாகப் படர்ந்திருக்கிறதே, அந்தக் கூட்டம்தான். இந்த இனம் ஐரோப்பாவில் ஓக் மரங்களில் வளர்கிறது. பால்கன் நாடுகளில் சேகரித்துக் காயவைத்து, பிரான்ஸின் கிராஸ் நகரில் சாறெடுத்து வந்தார்கள். மழை நனைத்த காட்டு மண் போன்ற வாசம் அதற்கு. அத்தோடு மற்ற வாசங்களைத் தோலில் நெடுநேரம் பிடித்து வைக்கும். 1917 இல் சென்ட் தயாரிப்பாளர் கோட்டி வெளியிட்ட 'ஷீப்ர்' சென்ட்டுக்குப் பிறகு, அந்த வகைக்கே இதுதான் அடித்தளம்.

சிக்கல் தருபவை அதிலுள்ள அட்ரனோல், குளோரோ அட்ரனோல் என்ற இரண்டு இரசாயனங்கள். அலர்ஜி ஏற்பட்டவருக்கு மிகச் சிறிய அளவே போதும். அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2017 இல் இவற்றைத் தடைசெய்தது. 2019 ஓகஸ்டிலிருந்து புதிதாகச் சந்தைக்கு விடக்கூடாது, 2021 ஓகஸ்டிலிருந்து கடையிலேயே இருக்கக்கூடாது. இப்போது அந்த இரண்டையும் நீக்கிய சாறையே பாவிக்கிறார்கள். உங்கள் போத்தல் அதற்கு முந்தியது. இங்கே பல வீட்டு அலுமாரிகளில் இப்படிப் பழைய போத்தல்கள் பத்திரமாக இருப்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இத்தனை வருடம் ஒன்றும் செய்யாதது இப்போது ஏன் என்றால், தொடுகை ஒவ்வாமை அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் படப்பட உடம்பு அதை எதிரியாகப் பழகிக்கொள்கிறது. ஒருமுறை பழகிவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் மறப்பதில்லை. எனவே அந்தப் போத்தல் இனி வேண்டாம், சட்டையில் அடிப்பதும் வேண்டாம், கொலர் கழுத்தில்தானே உரசும்? தங்கச்சிக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

கிறீம் விஷயத்தில்தான் எனக்குக் கவலை. பெயர் தெரியாத கலப்புக் கிறீம்கள் பலவற்றில் கடுமையான ஸ்டீரொய்ட் இருக்கிறது. கழுத்துத் தோல் மெல்லியது. மாதக்கணக்கில் பூசினால் இன்னும் மெலிந்து நரம்பு தெரியும், நிறமும் மாறலாம். அதை நிறுத்துங்கள். 1% ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற மென்மையான ஸ்டீரொய்ட் கிறீம் ஒரு வாரமளவு போதும். அதற்கும் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் காட்டி, தோல் நிபுணரின் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள்.

அங்கே பட்டைப் பரிசோதனை செய்தால் சந்தேகம் தீரும். சந்தேகப்படும் பொருட்கள் தடவிய சிறு ஒட்டுப் பட்டைகளை முதுகில் ஒட்டி 48 மணித்தியாலம் கழித்து எடுப்பார்கள். ஓரிரு நாளில் மறுபடியும் பார்ப்பார்கள். வாசனைக்கென்று ஒட்டும் கலவையில் உள்ள எட்டுப் பொருட்களில் இந்த இலைக்கனும் ஒன்று. மறுபடி பார்த்து முடியும்வரை முதுகை நனைக்கக் கூடாது, வியர்த்தால் பட்டை கழன்றுவிடும். வைகாசி வெயிலில் போகாமல் மார்கழியில் போவது நல்லது.

இயற்கையானது என்று நம்பி அத்தருக்கு மாறவும் வேண்டாம். உங்களைக் கடித்ததும் இயற்கைதான். பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் ஓர் இலைக்கனே, வட இந்திய அத்தர்கள் சிலவற்றில் அது சேர்கிறது. புதிதாக எதை வாங்கினாலும் பெட்டியில் 'எவர்னியா' என்ற சொல்லைத் தேடுங்கள். பைன் மரத்து இனம் 'எவர்னியா ஃபுர்ஃபுரேசியா' என்று இருக்கும், அதுவும் ஆகாது. ஆஃப்டர் ஷேவிலும் இவை சேர்வதுண்டு, கணவருடைய போத்தலையும் பாருங்கள்.

இன்னொன்று. விறகு வெட்டுபவர்களுக்கு மரப்பட்டை இலைக்கனாலேயே கையிலும் முகத்திலும் இப்படித் தடிப்பு வருவதுண்டு. காட்டு விறகு தூக்கிய பிறகு உங்களுக்கு முழங்கை மடிப்பில் கடித்தால், கிளினிக்கில் மறக்காமல் சொல்லுங்கள்.