விண்கலத்தின் திட்ட இயக்குநர் என்பவர் என்ன வேலை செய்வார்?

சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 விண்கலத்தின் திட்ட இயக்குநராகப் பணியாற்றியவர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. வடிவமைப்பு தொடங்கி, கலம் விண்ணில் நிலைகொள்ளும் வரை முழுப் பொறுப்பும் ஏற்பவரே திட்ட இயக்குநர்.

இதற்கு ஏன் தனியாக ஒருவர்? ஆதித்யாவில் 7 கருவிகள். பெங்களூரு, புனே, திருவனந்தபுரம் என்று வெவ்வேறு ஊர்களில் உருவானவை. ஒவ்வொரு குழுவும் தன் கருவிக்கு இன்னும் கொஞ்சம் எடையும் மின்சாரமும் கிடைத்தால் நல்லது என்றுதான் நினைக்கும். கலத்திலோ இரண்டுக்கும் எல்லை உண்டு. ஒன்றுக்குக் கூட்டினால் இன்னொன்றுக்குக் குறையும். கல்யாண வீட்டில் சமையல்காரர், பந்தல்காரர், மேளக்காரர் எல்லாரும் கெட்டிக்காரர்களாகவே இருக்கட்டும். முகூர்த்தத்துக்குள் எல்லாம் கூடிவர ஒரு அத்தை பொறுப்பெடுத்துக்கொள்கிறாரே, அந்த வேலைதான் இது.

அந்தப் பக்குவம் சட்டென்று வராது. நிகர் ஷாஜி இஸ்ரோவில் சேர்ந்தது 1987-இல். ரிசோர்ஸ்சாட்-2ஏ செயற்கைக்கோளில் இணைத் திட்ட இயக்குநர். அப்புறம்தான் ஆதித்யா. 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பிய கலம், 2024 ஜனவரி 6 அன்று பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் தன் சுற்றுப்பாதையை அடைந்தது. பெருமைப்பட வேண்டிய உழைப்பு!

விண்வெளிப் பொறியியல் படித்தவர்களுக்கு மட்டும்தான் இந்தத் துறையில் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் இவர் படித்தது மின்னணுவியலும் தகவல் தொடர்பும்.