பண்டிகை விடுமுறைக்காக மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. ஒன்பது மாதங்களுக்கு முன் அம்மா தவறிவிட்டார். அதற்குப் பிறகு மனச்சோர்வு வந்து, ஏழு மாதங்களாக எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. எடுத்துவருகிறேன். இப்போது பரவாயில்லை. பண்டிகை விடுமுறைக்கு அண்ணன் வீட்டில் பத்து நாட்கள் எல்லோரும் கூடுகிறோம். அம்மா இல்லாத முதல் பண்டிகை. நினைத்தாலே படபடப்பாக வருகிறது. உறவினர்கள் எதிரில் மாத்திரை போடக் கூச்சமாக இருக்கிறது. அவர்களோடு உட்கார்ந்தால் கொஞ்சம் குடிக்கவும் நேரும். அந்தப் பத்து நாட்கள் மட்டும் மாத்திரையை நிறுத்தலாமா? போகாமலே இருந்துவிட்டால் தப்பா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: மாத்திரையை நிறுத்த வேண்டாம். போவதா, எத்தனை நாள் தங்குவதா என்பதையெல்லாம் உங்கள் வசதிப்படி முடிவு செய்யுங்கள். இது ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள்.

நீங்கள் எடுக்கும் மருந்தின் அளவு உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும். அதனால் ஒரு வேளை மறந்துபோனால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அடுத்த வேளை இரண்டாகச் சேர்த்துப் போடாமல் வழக்கம்போல் தொடர்ந்தால் போதும். ஆனால் ஒரேயடியாக நிறுத்தினால், சில நாட்களிலேயே தலைசுற்றல், குமட்டல், காரணமில்லாத எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோல் ஒரு சுளீர் என்றெல்லாம் வரலாம். வீடு நிறைய ஆட்கள் இருக்கும் நேரத்தில் இப்படி ஆனால் பயந்துபோவீர்கள். நோய் திரும்பிவிட்டதோ என்று நினைத்துக் கலங்குபவர்கள் நிறையப் பேர். மருந்து நின்றதால் நோயே உண்மையில் திரும்பிவிடவும் கூடும்.

கூச்சத்துக்கு வழி இருக்கிறது. இது ஒரு நாளைக்கு ஒரு வேளை மாத்திரைதானே? காலையில் பல் தேய்த்த கையோடு போட்டுவிடுங்கள், யார் கண்ணிலும் படாது. நேரத்தை மாற்றுவதாக இருந்தால் மட்டும் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பயணத்தில் மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். மருந்துச் சீட்டும் இரண்டு மூன்று நாட்களுக்குக் கூடுதல் மாத்திரையும் கூடவே இருக்கட்டும்.

மது வேண்டாம் என்பதுதான் என் கருத்து. குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும், ஆனால் பின்னிரவில் கலைந்துவிடும். மறுநாள் பதற்றமும் துக்கமும் கூடியிருக்கும். உங்கள் நிலையில் தூக்கம் கெட்டால் மற்ற எல்லாமே ஆட்டம் காணும். அதிகமாகக் குடித்தவர்களுக்கு இதயத்துடிப்பு தாறுமாறாவதும் உண்டு. 1978-ல் அமெரிக்க மருத்துவர்கள் இதற்கு 'விடுமுறை இதயம்' என்றே பெயர் வைத்தார்கள். இந்தப் படபடப்பை மனப்பதற்றம் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். யாராவது வற்புறுத்தினால், "மருந்து சாப்பிடுகிறேன், டாக்டர் குடிக்கக் கூடாது என்றிருக்கிறார்" என்று சொல்லுங்கள். என்ன மருந்து என்று விளக்க வேண்டியதில்லை.

இனி அம்மா விஷயம். அங்கே போனதும் அழுகை வரும், வரட்டும். அம்மா இல்லாத முதல் பண்டிகையில் அழுவது நோய் அல்ல. சிரித்த முகத்தோடு இருந்தாக வேண்டும் என்று உங்களை நீங்களே நெருக்குவதுதான் உடம்பையும் மனதையும் களைக்க வைக்கும். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். உங்கள் அண்ணனுக்கும் அது அம்மா இல்லாத முதல் பண்டிகைதான். இப்படிப்பட்ட வீடுகளில் ஒருவர் மனம் நோகக் கூடாதே என்று இன்னொருவர் பேச்சை அடக்கிக்கொள்வார்கள். கடைசியில் இறந்தவரின் பெயரையே யாரும் எடுக்க மாட்டார்கள், எல்லோருக்கும் அதுதான் நெஞ்சில் அழுத்திக்கொண்டிருக்கும். கிளம்புவதற்கு முன்பே அண்ணனுக்குப் போன் செய்து, "அம்மாவைப் பற்றிப் பேசலாம்ணே, எனக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிடுங்கள். உங்கள் உடல்நிலையையும் அவரிடமோ அண்ணியிடமோ சொல்லி வைத்தால் நல்லது. வீட்டில் ஒரே ஒருவருக்குத் தெரிந்திருந்தாலே பாதி பாரம் குறையும்.

போகாமல் இருப்பது தப்பில்லை. ஆனால் துக்கத்தில் தனியாக இருக்கும் பண்டிகை நாட்கள் மிகவும் நீளமாகத் தெரியும். அதனால் நடுவழியாக, நான்கு நாட்கள் போய் வாருங்களேன். திரும்பும் தேதியை முதலிலேயே சொல்லிவிட்டால் அங்கே போய் யாரிடமும் மன்றாட வேண்டியிருக்காது. இரவு எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தாலும் வழக்கமான நேரத்துக்கே எழுந்திருங்கள். காலையில் அரை மணி நேரம் தனியாக நடந்துவிட்டு வாருங்கள். உடற்பயிற்சியாகவும் ஆகும், கூட்டத்திலிருந்து கொஞ்சம் மூச்சுவிடவும் இடம் கிடைக்கும்.

துக்கம் வந்து வந்து போகும், இடையில் ஒரு குழந்தையின் பேச்சுக்குச் சிரிக்கவும் முடியும். அப்படி இல்லாமல் நாள் முழுவதும் மனம் இருண்டே இருந்து, எதிலும் பிடிப்பில்லாமல், நான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணத்தோடு இரண்டு வாரங்கள் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். நடு இரவானாலும் பக்கத்தில் இருப்பவரை எழுப்பிச் சொல்லுங்கள், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைக் கிளம்பும் முன்பே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

அப்புறம், விடுமுறை முடிந்து திரும்பும் வாரத்தில் மருத்துவரைப் பார்க்க இப்போதே நேரம் வாங்கி வையுங்கள். மனம் நன்றாகத் தேறிய பிறகும் இந்த மருந்தைக் குறைந்தது ஆறு மாதங்களாவது தொடர்வதுதான் வழக்கம். எப்போது நிறுத்தலாம், எப்படிப் படிப்படியாகக் குறைக்கலாம் என்பதை அப்போது அவரிடம் விவரமாகக் கேளுங்கள்.