ஓட்டமும் வோட்கும்

அன்புள்ள ஐயா,

ஆர்மேனியத் தலைநகர் யெரெவானில் மருத்துவம் படிக்கிறேன். இங்கே கால் என்பதை ‘வோட்க்’ என்கிறார்கள். பழைய வடிவம் ‘ஒட்ன்’ என்றார் ஆசிரியர். இது நம் ‘ஓட்டம்’தானே? தமிழிலிருந்து போயிருக்குமா? அப்புறம், ஆர்மேனிய மொழி கற்க எளிய வழி உண்டா?

கதிர்

அன்புள்ள கதிர்,

இல்லை. காலால் ஓடுகிறோம், அதனால் காலுக்கு ஓட்டத்தின் பெயர் என்பதெல்லாம் டீக்கடையோடு போகட்டும். காய்ச்சல் என்று வருகிறவர்களுக்கெல்லாம் மலேரியா என்று எழுதிக் கொடுப்பீர்களா?

ஒலியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. ஆர்மேனியர் தெரு தமிழில் அரண்மனைக்காரன் தெரு ஆகிவிட்டது. ராஜா எந்தப் பக்கமாக வருவார் என்றுகூட அங்கே ஒரு பழைய பேப்பர்க்காரர் எனக்குக் கை நீட்டிக் காட்டியிருக்கிறார். அங்கிருந்தது அரண்மனை இல்லை, 1772-ல் கட்டிய ஆர்மேனியத் தேவாலயம்.

‘ஒட்ன்’ சமஸ்கிருதப் ‘பாத’வின் உறவு. சொல்லின் தொடக்கத்தில் இருந்த பகரம் ஆர்மேனிய மொழியில் ஒகரத்துக்கு முன் உதிர்ந்தது. வேறு பல இடங்களில் ஹகரமானது. ‘பஞ்ச’ அங்கே ‘ஹிங்’, ‘பித்ரு’ அங்கே ‘ஹாயிர்’. அதே வேரில் வந்த ‘ஹெட்’ என்றால் காலடித்தடம். இன்று அதுவே ‘உடன்’ என்றும் பொருள்படுகிறது. நீங்கள் தேடிய சொந்தம், நாம் கடன் வாங்கிய ‘பாதம்’ வழியாக இருக்கத்தான் செய்கிறது. ஆனால் காதுக்கு அது தெரியாது.

கடைசியில் வரும் ‘க்’ பழைய பன்மை விகுதி. கால், கை, கண் மூன்றும் அங்கே பன்மை வடிவத்திலேயே ஒருமையாகிவிட்டன: வோட்க், ட்ஸெர்க், ஆச்க். பன்மைக்கு இப்போது ‘வோட்கெர்’ என்று இன்னொரு விகுதி. நம் ‘அவர்’ ஒருவருக்கான மரியாதையாகி, பலருக்கு ‘அவர்கள்’ வேண்டியிருந்ததே, அப்படி.

கொஞ்ச நாளாகவே ஹ்ராச்யா அச்சாரியனை நினைத்துக்கொண்டிருந்தேன். 1926 முதல் 1935 வரை ஏழு தொகுதிகளாக ஆர்மேனிய வேர்ச்சொல் அகராதியை வெளியிட்டவர். 1937-ல் அவரைச் சிறையில் தள்ளினார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் தனக்கு முன்னால் யார் என்ன வேர் சொன்னார் என்று, அபத்தங்களையும் விடாமல், வரிசையாக எழுதிவைத்தார். நம்மூர் வேர்ச்சொல் வீரர்கள் முன்னவர் எழுதியதைப் புரட்டுவதுகூட இல்லை. ஒரே மதியத்தில் உலக மொழிகளையெல்லாம் தமிழாக்கிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம், தம்பி. கேட்கத் தோன்றியதே, அது நல்ல புத்தி.

எளிய வழியா? வார்டில் பாட்டிகளிடம் பேசுங்கள். குளிரில் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். நூலகத்தில் அந்த அகராதி கிடைத்தால் ‘ஒட்ன்’ வரும் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள்; என்னிடம் அந்தத் தொகுதி இல்லை.