மூன்று முறை மனந்திரும்பியும் பழைய பாவத்திலேயே விழுகிறேன். பரிசுத்தமாக வாழ்வது நடக்கிற காரியமா?

கன்வென்ஷன் கூட்டத்தில் மனந்திரும்புகிறேன் என்று மூன்று முறை கையை உயர்த்தியதாகவும், ஒவ்வொரு முறையும் அழுது ஜெபித்துவிட்டு அடுத்த வாரமே பழையபடி ஆகிவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மூன்றுதானா? நான் ஆறு முறை உயர்த்தியவன். கைக்குட்டை நனையாமல் எந்த எழுப்புதல் கூட்டத்திலிருந்தும் வீடு திரும்பியதில்லை. அந்த ஆறு முறையும் என் தங்கையின் சொத்து என் பெயரில்தான் இருந்தது.

எங்களுக்குத் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமம். அப்பா 2003-இல் உயில் எழுதாமல் இறந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார்கள். ரோட்டோரம் 32 சென்ட் வாழைத் தோட்டம். பிள்ளைகள் நானும் தங்கையும் மட்டும். எங்களைப் போன்ற கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. எனக்கு அது தெரியும், அவளுக்குத் தெரியாது. பட்டா மாற்றக் கையெழுத்து வேண்டும் என்று சொல்லி, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டேன். அண்ணன் நீட்டுகிற காகிதத்தை எந்தத் தங்கை படித்துப் பார்க்கிறாள்? நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று, இனி அவளுக்கு என்ன பங்கு என்று ஊரே பேசும் நியாயம் ஒன்று இருக்கிறதே, அது எனக்குத் தூக்க மாத்திரை போல இருந்தது.

கூட்டங்களில் நான் செய்த பாவ அறிக்கையில் சிகரெட் வந்தது, சினிமா வந்தது, கண்களின் இச்சையும் கோபமும் வந்தன. 32 சென்ட் மட்டும் வரவே இல்லை. உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தால், மற்றவற்றைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு அதைப் பாருங்கள். (குடிப்பழக்கம் போன்றது என்றால் ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள். அதை விசுவாசக் குறைவு என்று சொல்பவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள்.)

நம் வேதாகமத் தமிழில் எனக்கு மிகவும் பிடித்த சொல் 'மனந்திரும்புதல்'. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் 'மெட்டனோயா', மனம் மாறுவதைக் குறிப்பது. பழைய ஏற்பாட்டின் எபிரெயச் சொல் 'ஷூவ்', வந்த வழியே திரும்பி நடப்பது. தமிழில் மொழிபெயர்த்த புண்ணியவான்களுக்கு இரண்டையும் ஒரே சொல்லில் கட்ட முடிந்திருக்கிறது. நான் ஆறு முறையும் முன்பாதியோடு நின்றுவிட்டேன்.

லூக்கா மூன்றாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யோர்தான் கரையில் யோவான் ஸ்நானகனிடம் ஜனங்கள், "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்கிறார்கள். அழச் சொல்வார் என்றுதான் நம்மில் பலர் எதிர்பார்ப்போம். அவரோ, இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்கிறார். ஆயக்காரரிடம், விதித்த வரிக்கு மேல் வாங்காதே என்கிறார். போர்ச்சேவகரிடம், யாரையும் மிரட்டிப் பறிக்காதே, சம்பளம் போதுமென்றிரு என்கிறார். ஒவ்வொருவருக்கும் அவரவர் தொழிலில் கை வைக்கிறார். என்னைக் கண்டிருந்தால் பத்திரத்தை எடுத்துவா என்றிருப்பார்.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸும் மனஸ்தாபப்பட்டான், முப்பது வெள்ளிக்காசைத் திருப்பியும் கொடுத்தான். அதனால் வருத்தமும் திருப்பிக் கொடுத்தலும் மட்டும் போதாது என்பதும் சரிதான். அவரை மறுதலித்த பேதுருவும் மனங்கசந்து அழுதான். ஆனால் அவன் இயேசு இருந்த பக்கம் திரும்பினான், யூதாஸ் தனியாகப் போனான். இதற்கு மேல் விளக்கம் சொல்ல நான் குருவானவர் இல்லை.

என்னைத் திருப்பியது பிரசங்கமும் இல்லை. 2017-ஆம் ஆண்டு அறுப்பின் பண்டிகை. வழக்கம்போல அந்தத் தோட்டத்திலிருந்து நல்ல தாராக ஒன்று வெட்டி ஆலயத்துக்குக் கொடுத்திருந்தேன். ஆராதனை முடிந்து ஏலம் நடந்தது. நானூறு ரூபாய் பெறும் தார். அடுத்த ஊரில் வாழ்க்கைப்பட்ட தங்கையும் வந்திருந்தாள். அவள்தான் கேட்டுக்கொண்டே போனாள். ஆயிரத்து நூறுக்கு எடுத்தாள். பக்கத்தில் நின்ற அத்தை, "உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்க, "அப்பா தோட்டத்து வாழை அத்தை. வேறு எப்படி என் வீட்டுக்கு வரும்?" என்றாள். நான் இரண்டு ஆள் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எத்தனை வருடமாகத் தெரியும் என்பதை இன்றுவரை நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. எழுந்து போகக் கால் வரவில்லை. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வசனம் எனக்கு மனப்பாடம். மனப்பாடமாக இருந்ததுதான் பிரச்சினையோ என்னவோ.

இதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். பாதியைக் கொடுப்பது என்று முடிவு செய்து, மனைவியோடு இரண்டு வாரம் சண்டை போட்டு, சர்வேயரை வரவழைத்தேன். அளக்கும்போது என் வாய் தானாக, "பின்பக்கம் பதினாறு சென்ட் அவளுக்கு" என்றது. ரோட்டோரப் பாதியின் விலை பின்பாதியைப் போல மூன்று மடங்கு. மனந்திரும்பிக்கொண்டிருக்கிற அந்த நிமிடத்திலேயே நான் திருடிக்கொண்டிருந்தேன்! அன்று இரவு தூக்கமில்லை. காலையில் சர்வேயரை மறுபடி கூப்பிட்டு, இரண்டு பங்குக்கும் ரோடு வரும்படி நெடுக்காகப் பிரித்தேன்.

திரும்புவது ஒரு நாளில் நடக்கலாம். பரிசுத்தமாகுதல் அதன் பிறகு சென்ட் சென்ட்டாக அளந்து வருகிறது. ஜான் நியூட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதியவர். 1748-இல் நடுக்கடல் புயலில் தேவனை நோக்கிக் கூப்பிட்டார். அது அவருடைய சாட்சியாக உலகம் முழுக்கச் சொல்லப்படுகிறது. அதற்குப் பிறகும் அவர் அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்குத் தலைவராக மூன்று பயணம் போனார் என்பதைப் பல பிரசங்கிகள் சொல்வதில்லை. 1754-இல் கடலை விட்டதும் உடல்நலக் குறைவால்தான். 1764-இல் குருப்பட்டம் பெற்றார். அந்த வியாபாரத்தையும் அதில் தன் பங்கையும் வெளிப்படையாகக் கண்டித்து எழுதியது 1788-இல். நாற்பது வருடம்! இதைத் தாமதத்துக்குச் சாக்காகச் சொல்லவில்லை; அந்த நாற்பது வருடத்துக்கு விலை கொடுத்தவர்கள் கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியோடு கிடந்தவர்கள். உங்கள் தாமதத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பாருங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

2018-இல் அவள் பங்கை அவள் பெயருக்கு மாற்றும் செட்டில்மென்ட் பத்திரம் பதிவானது. வெளியே வந்து அவள் கையில் கொடுத்தேன். கட்டிப்பிடித்து அழுவாள் என்று உள்ளூர எதிர்பார்த்தேன். அந்த ஆசையும் சுத்தமானதில்லை. அவள் இந்த முறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, "அண்ணே, பதினான்கு வருடத்துத் தார்க் கணக்கு?" என்றாள்.

லேவியராகமத்தில் அநியாயமாக எடுத்ததைத் திருப்பித் தருபவன் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவேண்டும் என்று இருக்கிறது. அப்படியே கணக்குப் போட்டேன். ஒரே தடவையில் கொடுக்க வசதி இல்லை. ஒவ்வொரு அறுப்பின் பண்டிகைக்கும் ஒரு தவணை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவள் எண்ணிப் பார்த்துத்தான் வாங்குகிறாள். இன்னும் இரண்டு தவணை இருக்கிறது.